எஸ்டிபி தண்ணீரை மெம்பிரேன் வைத்து மீட்பது எப்படி: அடுக்குமாடிச் சங்கங்களுக்கான வழிகாட்டி

சென்னையில் நூறு, இருநூறு வீடுகள் உள்ள குடியிருப்பு என்றால் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், இருக்கும். சுத்திகரித்த தண்ணீரை ஃபிளஷ்ஷுக்குக் கொண்டுபோகத் தனிக் குழாயும் இருக்கும். ஆனால் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, நாறுகிறது, கோப்பையில் வழவழப்பு படிகிறது என்று புகார்கள் குவிந்து, ஒரு நாள் அந்த வால்வை மூடிவிட்டு போர் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ திருப்பிவிட்டிருப்பார்கள். அதன் பிறகு சுத்திகரித்த தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குத்தான். இந்த நிலையில் இருக்கும் சங்கம் யூ.எஃப் (அல்ட்ரா ஃபில்ட்ரேஷன்) மெம்பிரேன் போட்டு அந்தத் தண்ணீரை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவர என்ன செய்ய வேண்டும், எதில் ஏமாறக்கூடாது, எவ்வளவு நாளாகும் என்பதை வரிசையாக எழுதியிருக்கிறோம். புதிதாகப் பொறுப்பேற்ற செயலாளரும் பொருளாளரும் இதை வைத்துக்கொண்டே விற்பனையாளரிடம் பேசலாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். மெம்பிரேன் என்பது மிக நுண்ணிய துளைகள் கொண்ட சல்லடை. முன்னால் இருக்கும் எஸ்டிபி சரியாக ஓடாவிட்டால் மெம்பிரேன் அதைத் திருத்தாது, அடைத்துக்கொண்டு நிற்கும். "மெம்பிரேன் ஆறு மாதத்தில் போய்விட்டது" என்று கேள்விப்படும் இடங்களில் பெரும்பாலும் கெட்டுப்போனது அதற்கு முந்தைய தொட்டிகள்தான்.

கணக்குகளுக்கு 150 வீடுகள், 600 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

1. எந்த வேலைக்கு, எவ்வளவு தண்ணீர்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது கட்டட விதிகளின் கணக்கு. அதில் 45 லிட்டர் ஃபிளஷ்ஷுக்கு. 600 பேருக்கு 81,000 லிட்டர் செலவானால் அதில் சுமார் 80 சதவீதம், அதாவது 65,000 லிட்டர் கழிவுநீராக வரும். ஃபிளஷ்ஷுக்குத் தேவை 27,000 லிட்டர். தோட்டம், நடைபாதை கழுவுதல், கார் கழுவுதல் எல்லாம் சேர்த்து 8,000 என்று வைத்தால் மொத்தம் 35,000.

ஆகவே 65,000 லிட்டரையும் மெம்பிரேன் வழியே விட வேண்டியதில்லை. 40,000 லிட்டர், அதாவது 40 கே.எல்.டி (நாளுக்கு 40 கிலோலிட்டர்) போதும். மிச்சம் வழக்கம்போல மணல் ஃபில்டர் தாண்டிப் பாதாளச் சாக்கடைக்குப் போகட்டும். எஸ்டிபி-யின் முழுக் கொள்ளளவுக்கும் மெம்பிரேன் போடச் சொல்லும் கொட்டேஷன் வந்தால், மீதித் தண்ணீரை எங்கே பயன்படுத்துவது என்று கேளுங்கள்.

அடுத்த கேள்வி ஆர்.ஓ வேண்டுமா என்பது. ஃபிளஷ்ஷுக்கும் தோட்டத்துக்கும் வேண்டாம். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் ஓடும் 45 எம்.எல்.டி (நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர்) மீட்பு நிலையங்களில் யூ.எஃப் தாண்டி ஆர்.ஓ-வும் உண்டு, அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது, அங்கே உப்பு இருக்கக்கூடாது. உங்கள் ஃபிளஷ் டேங்குக்கு உப்பு பிரச்சினையே இல்லை. ஆர்.ஓ போட்டால் நான்கில் ஒரு பங்குத் தண்ணீர் உப்பு செறிந்த கழிவாக வெளியே வரும். அதை மறுபடி எஸ்டிபி-க்கு விட்டால் உப்பு சுற்றிச் சுற்றி ஏறும். தோட்டத்துக்கு விட்டால் செடி கருகும். ஏ.சி கூலிங் டவர் வைத்திருக்கும் வளாகங்கள் மட்டும் யோசிக்கலாம்.

யூ.எஃப் எதை எடுக்கும், எதை எடுக்காது என்பதையும் பொதுக்குழுவில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். துளை 0.02 முதல் 0.04 மைக்ரான் அளவில் இருக்கும். கலங்கல், பாக்டீரியா, புழு முட்டை எல்லாம் நின்றுவிடும். வைரஸ்களில் பெரும்பகுதி நிற்கும், முழுவதும் நிற்கும் என்று நம்பக்கூடாது. கரைந்திருக்கும் உப்பு, அமோனியா, மஞ்சள் நிறம், சோப்பு வாசனை ஆகியவை அப்படியே தாண்டிவிடும். "கண்ணாடி மாதிரி வரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு இளமஞ்சள் தண்ணீர் வந்தால் மறுபடி வால்வு மூடப்படும். நிறத்துக்குத் தீர்வு ஐந்தாவது படியில் இருக்கிறது.

2. அளந்து பாருங்கள், சோதித்துப் பாருங்கள் (4 வாரம்)

எஸ்டிபி-யின் பெயர்ப்பலகையில் "75 கே.எல்.டி" என்று எழுதியிருக்கும். உண்மையில் எவ்வளவு வருகிறது என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் மீட்டர் நின்று பல நாளாகியிருக்கும். கலெக்‌ஷன் டேங்கிலிருந்து (கழிவுநீர் முதலில் வந்து சேரும் தொட்டி) ஏறும் பம்ப்பிலும் வெளியேறும் குழாயிலும் ஃப்ளோ மீட்டர் போடுங்கள். இரண்டு வாரம், நாளுக்கு நான்கு முறை ரீடிங் எடுங்கள். ஞாயிறு காலையைத் தவறவிடாதீர்கள். எல்லாரும் வீட்டில் இருந்து, தலைக்குக் குளித்து, வாஷிங் மெஷின் ஓடும் அந்த நான்கு மணி நேரம்தான் எஸ்டிபி-க்கு உண்மையான தேர்வு.

ஆய்வகச் சோதனைக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமாகப் பாருங்கள். உள்ளே வரும் கழிவுநீர், செட்டிலிங் டேங்கிலிருந்து (சேறு அடியில் படியும் தொட்டி) வழியும் தண்ணீர், ஃபில்டர் தாண்டிய தண்ணீர் என்று மூன்று இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும். பி.எச், பிஓடி, சிஓடி (இரண்டும் கரிமக் கழிவின் அளவைக் காட்டும்), டிஎஸ்எஸ் (கரையாத துகள்கள்), எண்ணெய்-கிரீஸ், அமோனியா நைட்ரஜன், டிடிஎஸ் (கரைந்த உப்பு), ஃபீக்கல் கோலிஃபார்ம் (மலக் கிருமி) ஆகியவற்றைக் கேளுங்கள். அமோனியாவையும் எண்ணெயையும் கேட்காவிட்டால் ஆய்வகம் தானாகச் செய்யாது. மெம்பிரேனுக்கு அவை இரண்டும்தான் முக்கியம்.

மாதிரி எடுப்பதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். காலை பத்து மணிக்கு ஒரு பாட்டில் பிடித்துக் கொடுப்பது முதல் தவறு: மணிக்கொரு முறை எடுத்து 24 மணி நேரத்துக்கும் கலந்த மாதிரிதான் உண்மையைச் சொல்லும். இரண்டாவது, குளோரின் போட்ட தண்ணீரைச் சாதாரண பாட்டிலில் கோலிஃபார்ம் சோதனைக்கு அனுப்புவது: வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே போவதால் முடிவு நல்லதாக வந்து ஏமாற்றும். சோடியம் தயோசல்பேட் போட்ட, கிருமிநீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். மாதிரி ஐஸ் பெட்டியில், அதே நாளில் போய்ச் சேர வேண்டும். பிஓடி சோதனைக்கே 27 டிகிரியில் மூன்று நாள் ஆகும்; அதனால் அறிக்கை கைக்கு வர ஒரு வாரம் என்று கணக்கு வையுங்கள்.

3. மெம்பிரேனுக்கு முன்னால் எஸ்டிபி-யைத் தேற்றுங்கள்

அதிக நேரமும் பொறுமையும் இந்தப் படிக்குத்தான் தேவைப்படும். இதைத் தாண்டிக் குதித்தால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

முடி. குளியலறையிலிருந்து வரும் தலைமுடி, வாஷிங் மெஷினிலிருந்து வரும் நூல், ஈரத் துடைப்புத் தாள் மூன்றும் ஏரேஷன் டேங்கில் (காற்று ஊதி பாக்டீரியாவை வளர்க்கும் தொட்டி) சுழன்று சுழன்று திரிந்து, விரல் தடிமனில் கயிறாகவே ஆகிவிடும். அந்தக் கயிறு மெம்பிரேனின் குழல் போன்ற நாரைச் சுற்றிக்கொண்டால் எந்தக் கெமிக்கலாலும் போகாது. கையால்தான் பிரித்தெடுக்க வேண்டும், அப்போது நார் அறுந்துவிடும். பழைய பார் ஸ்கிரீனின் கம்பி இடைவெளி 10 மி.மீ அல்லது அதற்கும் மேல் இருக்கும். முடியை அது தடுக்காது. 2 மி.மீ வட்டத் துளை போட்ட ஸ்கிரீன் வையுங்கள். நீளக் கோடாக வெட்டிய ஸ்கிரீன் வேண்டாம். கோடு எவ்வளவு குறுகலாக இருந்தாலும் முடி நீளவாக்கில் நழுவிப் போய்விடும்.

எண்ணெய். 150 சமையலறை எண்ணெயும் ஓரிடத்தில் சேருகிறது. கிரீஸ் டிராப்பின் மூடியைத் திறந்தால் மேலே வெண்ணெய்க்கட்டி போல உறைந்திருக்கும் ஏட்டை வாரம் ஒருமுறை எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அது மொத்தமாக நகர்ந்து உள்ளே போகும். மெம்பிரேனில் படிந்த எண்ணெயைக் குளோரின் கழுவாது, காரச் சோடா கரைசல் வேண்டியிருக்கும்.

காற்று. ஏரேஷன் டேங்கில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மி.கி இருக்க வேண்டும். மின்சாரம் மிச்சம் என்று இரவில் காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்தும் வழக்கம் பல இடத்தில் உண்டு. கூடவே கூடாது. டேங்கில் இருக்கும் நீர் சாக்லேட் நிறத்தில், மண் வாசனையோடு இருந்தால் நலம். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை.

ஒரு எளிய சோதனையை ஆபரேட்டருக்குக் கற்றுக்கொடுங்கள். ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் ஏரேஷன் டேங்க் நீரைப் பிடித்து, அசைக்காமல் 30 நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். அடியில் 250 முதல் 400 மி.லி வரை ஸ்லட்ஜ் (பாக்டீரியா நிறைந்த சேறு) படிந்து, மேலே தெளிவாக நின்றால் நல்லது. 100-க்குக் கீழே என்றால் பாக்டீரியா குறைவு. 700, 800 என்று நின்றால் ஸ்லட்ஜ் அதிகமாகிவிட்டது அல்லது படியாத நூல் வகைப் பாக்டீரியா பெருகிவிட்டது. அந்த நேரம் செட்டிலிங் டேங்கிலிருந்து ஸ்லட்ஜ் வழிந்து நேரே மெம்பிரேனுக்கு வரும். அதே குடுவையை இன்னும் இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். படிந்த ஸ்லட்ஜ் கட்டியாக மேலே மிதந்து வந்தால், செட்டிலிங் டேங்கில் அது நெடுநேரம் தங்குகிறது என்று பொருள். ஸ்லட்ஜை ஏரேஷன் டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் பம்ப்பைக் கூடுதலாக ஓட்ட வேண்டும்.

அமோனியா. சரியான காற்றும் வயதான ஸ்லட்ஜும் இருந்தால் பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட் ஆக்கிவிடும். அமோனியா லிட்டருக்கு 5 மி.கி-க்குக் கீழே வராமல் குளோரின் போடாதீர்கள். ஒரு மி.கி அமோனியா நைட்ரஜனைத் தீர்க்க எட்டு முதல் பத்து மி.கி குளோரின் தேவை. அமோனியா 20 இருந்தால் எவ்வளவு ஹைப்போ (குளோரின் கரைசல்) ஊற்றினாலும் குளோரின் மீதம் நிற்காது. வீட்டுக் கழிப்பறையில் நீச்சல்குள வாசனை மட்டும் வரும்.

நுரை வந்தால் கடையில் கிடைக்கும் சிலிகான் நுரைக்கொல்லியை ஊற்றாதீர்கள். அது மெம்பிரேன் மேல் படலமாக ஒட்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடக்குங்கள்.

செட்டிலிங் டேங்க் தாண்டிய தண்ணீரில் டிஎஸ்எஸ் 20-க்குக் கீழே, மூன்று வாரம் தொடர்ந்து வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். பாக்டீரியா செத்துப்போய்ப் புதிதாக வளர்க்க வேண்டியிருந்தால், நன்றாக ஓடும் இன்னொரு எஸ்டிபி-யிலிருந்து ஒரு லாரி ஸ்லட்ஜ் கொண்டுவந்து ஊற்றி, மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.

இந்த வேலைகளில் எதற்காகவும் யாரையும் கலெக்‌ஷன் டேங்குக்குள் இறக்காதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து சாகிறார். பாதுகாப்புக் கருவி எதுவும் கொடுக்காமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "ஐந்து நிமிட வேலைதான்" என்று ஒப்பந்தக்காரர் சொன்னாலும் சங்கம் மறுக்க வேண்டும். பம்ப்பைச் சங்கிலியால் மேலே தூக்கிப் பழுது பார்க்கும்படி வழிகாட்டிக் கம்பி போட்டுவிட்டால் இறங்கும் தேவையே வராது.

4. யூ.எஃப்-பா, எம்பிஆர்-ரா?

எம்பிஆர் என்றால் மெம்பிரேனை ஏரேஷன் டேங்குக்குள்ளேயோ பக்கத்துத் தொட்டியிலோ முக்கி வைத்து, உறிஞ்சி எடுப்பது. செட்டிலிங் டேங்க், மணல் ஃபில்டர் எதுவும் வேண்டாம். இடம் மிச்சம். ஆனால் ஸ்லட்ஜ் லிட்டருக்கு 8,000 முதல் 12,000 மி.கி அடர்த்தியில் ஓடுவதாலும், மெம்பிரேனை உரசிக் கழுவத் தனிக் காற்று வேண்டும் என்பதாலும் மின்சாரம் கூடும். மெம்பிரேன் கூண்டை மேலே தூக்க ஹாய்ஸ்ட் வேண்டும். பேஸ்மென்ட் கூரை தாழ்வாக இருந்தால் தூக்கவே முடியாது.

செட்டிலிங் டேங்க் ஒழுங்காக வேலை செய்யும் பழைய எஸ்டிபி என்றால், அதன் பின்னால் யூ.எஃப் போதும். செட்டிலிங் டேங்க் கட்டும்போதே சிறியதாகப் போய், என்ன செய்தாலும் ஸ்லட்ஜ் வழிகிறது என்றால் எம்பிஆர்-ரைப் பாருங்கள். கீழே சொல்வது யூ.எஃப் முறை.

5. அளவைக் கணக்கிடும் முறை

விற்பனையாளர் "40 கே.எல்.டி யூ.எஃப்" என்று ஒரு வரியில் எழுதுவார். அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. ஒரு சதுர மீட்டர் மெம்பிரேன் வழியே ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் தள்ளப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. இதற்குப் பெயர் ஃப்ளக்ஸ். போர் தண்ணீரில் 70, 80 தாங்கும் மெம்பிரேன், எஸ்டிபி தண்ணீரில் 30 முதல் 40 வரை வைத்தால்தான் நீண்ட நாள் உழைக்கும்.

கணக்கு இப்படி: வீட்டுக்கு 40,000 லிட்டர் வேண்டும். பேக்வாஷ்ஷுக்கு (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மெம்பிரேனைக் கழுவுவது) பத்து சதவீதம் போகும், ஆக 44,400 லிட்டர் வடிகட்ட வேண்டும். நாளில் 18 மணி நேரம் ஓட்டினால் அதில் இரண்டு மணி நேரம் பேக்வாஷ், கழுவல் என்று போய்விடும். வடிப்பது 16 மணி நேரம். மணிக்கு 2,775 லிட்டர். ஃப்ளக்ஸ் 35 என்றால் 80 சதுர மீட்டர் வேண்டும். 50 சதுர மீட்டர் மாட்யூல் (மெம்பிரேன் நார்க்கட்டு அடங்கிய உருளை) இரண்டு போட்டால் 100; ஃப்ளக்ஸ் 28-க்கு இறங்கும், ஒன்று பழுதானாலும் மற்றொன்று 55-இல் ஒரு சில நாள் சமாளிக்கும். ஒரே மாட்யூல் போட்டு விலையைக் குறைத்துக் காட்டும் கொட்டேஷனில், அந்த ஒன்று முதல் நாளிலிருந்தே 55-இல் ஓடப்போகிறது.

வரிசையும் முக்கியம். செட்டிலிங் டேங்க், மணல் ஃபில்டர், 100 மைக்ரான் டிஸ்க் ஃபில்டர், யூ.எஃப், அதற்குப் பின் கார்பன் ஃபில்டர், கடைசியில் குளோரின். பல இடங்களில் ஏற்கெனவே இருக்கும் கார்பன் ஃபில்டரை அப்படியே விட்டு அதன் பின்னால் யூ.எஃப்-பைச் சொருகிவிடுவார்கள். கார்பனிலிருந்து உதிரும் கரித்தூள் நாரைத் தேய்த்துக் கிழிக்கும். கார்பனைப் பின்னால் மாற்றினால் நாருக்கும் பாதுகாப்பு, மஞ்சள் நிறமும் வாசனையும் அங்கே போகும். கார்பன் குளோரினையும் தின்றுவிடும் என்பதால்தான் குளோரின் கடைசியில்.

6. கொட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டியவை (3–4 வாரம்)

மெம்பிரேன் எந்தப் பொருள் (பிவிடிஎஃப் கேளுங்கள், குளோரினைத் தாங்கும்), மொத்தப் பரப்பு, ஃப்ளக்ஸ், பேக்வாஷ் போக நிகரமாகக் கிடைக்கும் தண்ணீர், தினசரி மின்சார யூனிட், கெமிக்கல் அளவு. தரத்துக்கு டர்பிடிட்டி (கலங்கல் அளவு) 0.2 என்டியூ-வுக்குக் கீழே என்று எழுதச் சொல்லுங்கள். "தெளிவான தண்ணீர்" என்பதை யாரும் அளக்க முடியாது. மெம்பிரேன் தயாரித்த நிறுவனத்தின் வாரன்டி சங்கத்தின் பெயரில், மாட்யூல் சீரியல் எண்ணோடு வர வேண்டும். விற்பனையாளர் நாளை தொழிலை மூடினாலும் அது கையில் இருக்கும்.

கடைசி 15 சதவீதப் பணத்தை, மூன்று மாதம் ஓடிக் காட்டிய பிறகு என்று நிறுத்தி வையுங்கள். முதல் சோதனை ஓட்டம் ஞாயிறு உட்பட ஏழு நாள் தொடர்ச்சியாக இருக்கட்டும். புது மெம்பிரேன் முதல் நாளில் எதையும் வடிகட்டும்; ஒரு நாள் சோதனையால் எதுவும் தெரியாது.

7. மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் காகிதங்கள்

பழைய கோப்பில் இருக்கும் சிடிஓ-வை, அதாவது இயக்குவதற்கான இசைவாணையை எடுத்து முதலில் தேதியைப் பாருங்கள். காலாவதியாகியிருந்தால் புதுப்பித்தலும் மாற்றமும் சேர்ந்தே போகட்டும். பிறகு அதன் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். ஒன்றில் பிஓடி 20 என்று இருக்கும், இன்னொன்றில் 10 என்று இருக்கும். உங்களுக்கு உங்கள் ஆணையில் இருப்பதுதான் கணக்கு. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் சுற்றுச்சூழல் அனுமதியும் இருக்கும். அதில் எவ்வளவு தண்ணீரை மறுபடி பயன்படுத்த வேண்டும் என்றே எழுதியிருப்பார்கள். பில்டர் கொடுக்காமல் போயிருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

சுத்திகரிப்பு முறையில் மாற்றம் செய்கிறோம் என்று வாரியத்தின் ஆன்லைன் தளத்தில் விண்ணப்பித்து, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் பின்தொடர வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: சங்கப் பதிவுச் சான்று, பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல், பழைய சிடிஓ, எஸ்டிபி வரைபடம் (இப்போது இருப்பதும், மாற்றிய பிறகு இருக்கப்போவதும்), தண்ணீர் வரவு-செலவுக் கணக்கு, தொட்டி அளவுகள், மூன்று மாத ஆய்வக அறிக்கை, சொத்து மதிப்புக்கு ஆடிட்டர் சான்று. கட்டணம் சொத்து மதிப்பை வைத்துத்தான் கணக்கிடப்படும் என்பதால் ஆடிட்டர் சான்று இல்லாமல் விண்ணப்பம் நகராது.

தண்ணீர்ச் சட்டப்படி விண்ணப்பத்தை முடிக்க வாரியத்துக்கு நான்கு மாத அவகாசம் உண்டு. அதனால் கொட்டேஷன் வாங்கும்போதே விண்ணப்பத்தையும் தொடங்கிவிடுங்கள். வரைபடத்தில் ஒரு அளவும் தண்ணீர்க் கணக்கில் இன்னொரு அளவும் இருந்தால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

8. பொருத்தும் வாரம்

ஆர்டர் கொடுத்ததிலிருந்து ஸ்கிட் (யூ.எஃப் கருவிகளைத் தாங்கும் இரும்புச் சட்டம்) வந்து இறங்க எட்டு முதல் பத்து வாரம். மாட்யூலை மாட்டும் முன், அதன் இடத்தில் வெறும் குழாயை வைத்து எல்லா லைனையும் அரை மணி நேரம் கழுவிவிடச் சொல்லுங்கள். குழாய் அறுத்த பிளாஸ்டிக் சீவல், இரும்புத் துகள், சிமென்ட் மண் எல்லாம் உள்ளேயே கிடக்கும். கழுவிய தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தால் எவ்வளவு வருகிறது என்று தெரியும். துணி சுத்தமாக வரும்வரை மாட்ட விடாதீர்கள்.

மெம்பிரேன் காயக்கூடாது. ஈரம் காக்கும் திரவத்தோடு மூடி வரும். அந்த மூடியைப் பொருத்தும் நாளன்றுதான் திறக்க வேண்டும். வெயிலில் அடுக்கி வைத்து ஒரு மாதம் கழித்துப் பொருத்தினால் வாரன்டி போச்சு.

பொருத்தியதும் காற்றழுத்தச் சோதனை: மாட்யூலில் சுமார் ஒரு பார் அழுத்தம் ஏற்றி வால்வுகளை மூடி, பத்து நிமிடம் அழுத்தமானியைப் பாருங்கள். விறுவிறுவென்று இறங்கினால் எங்கோ நார் அறுந்திருக்கிறது. கண்ணாடிக் குழாய்ப் பகுதியில் குமிழி வரிசையாக ஏறுவதே தெரியும். அந்த நாரை மட்டும் முளை அடித்து அடைத்துவிடலாம். இந்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள்.

9. தினசரி ஓட்டம்

25, 30 நிமிடம் வடிப்பு, பிறகு ஒரு நிமிடம் பேக்வாஷ். இது தானாக நடக்கும். நாளுக்கு ஒருமுறை, பேக்வாஷ் தண்ணீரோடு லிட்டருக்கு 200 முதல் 500 மி.கி குளோரின் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். வாரம் ஒருமுறை சிட்ரிக் ஆசிட். ஹைப்போவும் ஆசிட்டும் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது, கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டு டிரம்மும் தனித்தனித் தட்டில், தனித்தனி நிறக் குழாயில், நடுவே சுவரோடு இருக்கட்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நல்ல தண்ணீரால் அலச வேண்டும்.

கழுவிய குளோரின் தண்ணீரை ஏரேஷன் டேங்கில் நேரே திருப்பிவிட்டால் நீங்கள் வளர்த்த பாக்டீரியா சாகும். கலெக்‌ஷன் டேங்குக்கு விடுங்கள். அங்கே வந்துசேரும் கழிவுநீரோடு கலந்து வலுவிழந்துவிடும்.

ஆபரேட்டர் எழுத வேண்டிய எண்கள் ஐந்துதான்: உள் அழுத்தம், வெளி அழுத்தம், மணிக்கு எத்தனை லிட்டர், டர்பிடிட்டி, அன்றைய குடுவைச் சோதனை. உள், வெளி அழுத்தத்தின் வித்தியாசம் புதிதில் 0.3 பார் அளவில் இருக்கும். அது 1 பாரைத் தொட்டால் முழுக் கழுவல்: மாட்யூலைத் தனிமைப்படுத்தி, குளோரின் கரைசலில் சில மணி நேரம் சுற்றவிட்டு, அலசி, பிறகு ஆசிட். வித்தியாசம் மூன்று மாதத்தில் மெதுவாக ஏறினால் இயல்பு. ஒரே வாரத்தில் எகிறினால் மெம்பிரேனைக் கழுவாதீர்கள், செட்டிலிங் டேங்கைப் போய்ப் பாருங்கள். அழுத்தம் திடீரென்று குறைந்து தண்ணீர் அதிகமாக வந்தால் மகிழாதீர்கள், நார் அறுந்திருக்கும்.

நோட்டில் எல்லா நாளும் ஒரே எண் இருந்தால் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். வாரன்டி கேட்கும்போது முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான்.

10. வீட்டுக் குழாயில் கலக்காமல் பார்ப்பது

மீட்ட தண்ணீர் டேங்கில் குளோரின் மீதம் 0.5 முதல் 1 மி.கி இருக்கட்டும். ஹைப்போ வெயிலில் வீரியம் இழக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வைக்காமல், நிழலில் வையுங்கள்.

வால்வைத் திறக்கும் முன் சாயச் சோதனை செய்யுங்கள். ஃபிளஷ் லைனுக்கான மாடி டேங்கில் உணவுச் சாயத்தைக் கரைத்து லைனில் விட்டு, ஒவ்வொரு வீட்டிலும் எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். உள்ளலங்காரம் செய்தபோது ஃபிளஷ் லைனிலிருந்து ஹெல்த் ஃபாசெட்டுக்கு இணைப்பு எடுத்த வீடுகள் ஏதாவது இருக்கும். அந்த வீட்டில் குழந்தை அந்தத் தண்ணீரில்தான் கால் கழுவுகிறது. ஒரு வீட்டையும் விடாமல் பார்த்து, பூட்டியிருந்தால் அந்த வீட்டு லைனை மட்டும் அடைத்து வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். அந்த மாடி டேங்கில் தண்ணீர் குறைந்தால் நல்ல தண்ணீரை நிரப்பும் குழாய், டேங்கின் நீர்மட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டுத்தான் விழ வேண்டும்; முங்கியிருந்தால் பின்னோக்கி உறிஞ்சும்.

11. செலவுக் கணக்கு

முதலீட்டுக்குப் பொதுவான தொகை சொல்வது நியாயமில்லை. ஸ்கிரீன், குழாய் மாற்றம், மின் பேனல் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். இயக்கச் செலவை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 1 எச்.பி பம்ப் 16 மணி நேரம் ஓடினால் சுமார் 12 யூனிட், பேக்வாஷ் பம்ப், டோசிங் பம்ப் சேர்த்து 14. யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 126 ரூபாய். ஆயிரம் லிட்டருக்கு மூன்று ரூபாய் சொச்சம். ஹைப்போ கழுவலுக்கும் கடைசிக் குளோரினுக்குமாக நாளுக்கு இரண்டு லிட்டர் ஆகும்.

எல்லாரும் மறப்பது மெம்பிரேன் மாற்றும் நிதி. ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும் என்று வையுங்கள். ஐந்து வருடத்தில் 73,000 கிலோலிட்டர் வடிந்திருக்கும். இரண்டு மாட்யூலுக்கு உங்கள் கொட்டேஷனில் 3 லட்சம் என்று இருந்தால் கிலோலிட்டருக்கு 4 ரூபாய் 11 காசு. மாதம் 5,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வந்தால் அந்த நாள் வரும்போது சிறப்பு வசூல் வைக்க வேண்டாம்.

இதையெல்லாம் கூட்டி, நீங்கள் இப்போது வாங்கும் லாரித் தண்ணீரின் கிலோலிட்டர் விலைக்குப் பக்கத்தில் எழுதி, பொதுக்குழு அறிவிப்போடு இணைத்து அனுப்புங்கள். எஸ்டிபி ப்ளோயர், ஆபரேட்டர் சம்பளம் இரண்டையும் இதில் சேர்க்காதீர்கள், யூ.எஃப் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தச் செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மொத்தக் காலம்: அளவீடும் சோதனையும் ஒரு மாதம், எஸ்டிபி-யைத் தேற்ற ஒன்று முதல் இரண்டு மாதம், ஸ்கிட் வர இரண்டரை மாதம், பொருத்தி ஓட்டிப் பார்க்க ஒரு மாதம். வாரியத்தின் நான்கு மாதம் இவற்றுக்குள் அடங்கிவிடும். ஜனவரியில் பொதுக்குழுத் தீர்மானம் போட்டால் ஜூலை, ஆகஸ்டில் வீடுகளுக்குத் தண்ணீர் விடலாம். ஏப்ரலில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்த பிறகு தொடங்கினால் அந்தக் கோடைக்கு லாரிதான்.